கூரைக்கு நல்ல நாள்

பழைய கூரையை எடுத்துவிட்டுப் புதுசு போட எவ்வளவு ஆகும் என்று அளந்து சொல்வது என் தொழில்; சொன்ன பிறகு வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் அதிலேயே சேர்த்தி. ஏணியில் நின்றபடி பேரம் கேட்டிருக்கும் சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீடு ஒழுகுகிறவர்களும் படிக்கலாம், நீங்களும் நம்ம கட்சிதான்.

விளாங்குடியில் தட்டியது

கான்கிரீட் தளத்தை முதலில் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்ப்போம். வெற்றுக் குடத்தைத் தட்டியதுபோல் சத்தம் கேட்டால் உள்ளே பிடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். விளாங்குடியில் ஒரு ரிட்டயர்டு அதிகாரி வீட்டு ஹாலில் அப்படித் தட்டினேன். தாம்பாளம் அளவுக்குச் சிமெண்டு பெயர்ந்து சோபாவில் விழுந்தது. உள்ளே கம்பியெல்லாம் துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. நல்லவேளை, சோபாவில் யாரும் இல்லை.

மொத்தத் தளத்தையும் இடித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று தொகையைச் சொன்னேன். அவர் சோபாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அதுல நீங்க உடைச்ச வரைக்கும் கழிச்சிட்டுச் சொல்லுங்க சார்.”

பரவையில் ஐப்பசி

பரவை மார்க்கெட்டில் வெங்காய வியாபாரம் செய்யும் முருகேசனுடையது ஓட்டு வீடு. அவர் மனைவி மல்லிகாதான் போன் போட்டுக் கூப்பிட்டார். வெளியே மழை, உள்ளே சட்டியும் வாளியும் வரிசையாக. ஒழுகலைக்கூட மன்னித்துவிடலாம். நடுவிட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் போனது. அத்தனையும் கரையான். அதற்கு நேர் கீழே அவர்கள் மகள் பிரியாவின் கட்டில், பிளஸ் ஒன் புத்தகங்களோடு.

பாப்பாவை அங்கே படுக்க வைக்காதீர்கள் என்றேன். வேறெங்கே படுப்பாள்? இருப்பது ஒரே அறை, விட்டம் அதன் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. விட்டத்தை எடுத்துவிட்டு இரும்புச் சட்டத்தில் ஷீட் போட ஆகும் தொகையைச் சொன்னேன். முருகேசன் பேரமே பேசவில்லை. “செஞ்சிரலாம்ணே. ஆனா மழையில எவனாச்சும் கூரையப் பிரிப்பானா? மழை நிக்கட்டும்.”

அண்ணன் பாதி, தம்பி பாதி

கீழவாசல் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர். வீட்டுக்கு நடுவே சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள், கூரையைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். நான் தொகையைச் சொன்னதும் இருவரும் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் தம்பி மாட்டேன் என்கிறார் என்பது தெரிந்தது.

பாதிக் கூரையை மட்டும் மாற்றினால் சேர்கிற இடத்தில் ஒழுகுமே என்றேன். அண்ணன் யோசித்தார். பிறகு தமிழுக்குத் திரும்பி, தம்பி காதில் விழும்படியே சொன்னார்: “ஒழுகட்டுமே. அவன் பக்கம் சாயுற மாதிரி போட்டுருங்க.”

பரவையில் மற்ற மாதங்கள்

மழை நின்றபோது மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று போனேன். முருகேசன் வீட்டில் சொந்தக்காரர்கள் வைத்த கல்யாணப் பத்திரிகைகள்தான் பிறந்திருந்தன. பங்குனியில் பிரியாவுக்குப் பரீட்சை. சித்திரையில் திருவிழா. அதற்கப்புறம் அவருக்கு வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் இரும்பு விலை மாறியிருக்கும், நானும் புதுசாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவேன். அவரைக் குறை சொல்ல முடியாது, சொன்ன காரணம் எல்லாமே உண்மை. விட்டம்தான் காரணம் கேட்காமல் இற்றுக்கொண்டிருந்தது.

ஆனியில் ஒரு நாள் மல்லிகா வாசல் வரைக்கும் வந்து கேட்டார்: “ஆடிக் காத்துக்கு இது நிக்குமாண்ணே?”

பரவையில் ஆடி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். முருகேசன் வீட்டில் நாலைந்து ஓடுகள் பறந்து, பிரியாவின் தலையணையில் விழுந்து உடைந்தன. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதற்கும் அவர், “ஆடியில வேல தொடங்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும்” என்றாராம்.

மறுநாள் மல்லிகா போன் செய்து, டேப்பை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். போய்ப் பார்த்தால் வீட்டுக்குக் கூரையே இல்லை. வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து மல்லிகா ஆள் வைத்து இறக்கிவிட்டார். ஓடுகளை முற்றத்தில் அடுக்கியிருந்தார்கள். விட்டம் இறக்கும்போதே இரண்டாக முறிந்துவிட்டதாம். பிரியாவின் கட்டில் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. நடு வீட்டில், வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முருகேசன் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார்.

மல்லிகா சத்தம் போடவில்லை. என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொன்னார்: “ஆடியில போடத்தானேண்ணே கூடாது? பிரிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. போடுறதுக்கு நல்ல நாள அவுகளே பாக்கட்டும்.”

முருகேசன் வானத்தைப் பார்த்தார். சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் காற்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதைப் பிடித்து நிறுத்தித் தாளைப் புரட்டினார். “நாளன்னிக்கு ஆடிப்பெருக்குண்ணே. அத விட நல்ல நாள் வருசத்துலயே கெடையாது. ஆளக் கூட்டிட்டு வந்துருங்க.”

ஷீட், இரும்பு, கூலி எல்லாவற்றுக்கும் நான் கணக்குச் சொல்லிவிடுவேன். நல்ல நாள் எப்போது என்பதை மட்டும், தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்தான் சரியாகச் சொல்வார்.