துளியைப் பார்த்தவர்

ஆயுத பூஜையன்று தார்வாட் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எல்லாக் கருவிக்கும் விபூதி, குங்குமம் உண்டு. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்கும் எண்ணெய்த்துளிக் கருவிக்கு மட்டும் கிடையாது. அட்டெண்டர் நிங்கப்பாவுக்குப் பதினோரு வருஷமாக இதுதான் மனத்தாங்கல். ஒருமுறை அவன் பூசிய விபூதி, மேல்தகட்டின் ஊசித்துளையை அடைத்துவிட்டது. ஒரு துளிகூட உள்ளே இறங்கவில்லை.

"சாமிக்கு மூக்கையே அடைச்சிட்டியேப்பா!" என்று பிள்ளைகள் முன்னால் சிரித்தார் இயற்பியல் ஆசிரியை சுமித்ரா தேசாயி.

அந்தக் கருவி இருக்கும் இருட்டறைக்கு முப்பது வருஷமாக அவர்தான் பொறுப்பு. பூமி துளியைக் கீழே இழுக்கும், மின்சாரம் மேலே இழுக்கும். இரண்டும் சரிக்குச் சரி வரும்வரை குமிழைத் திருகி, தூசியளவு துளியை அந்தரத்தில் நிறுத்திவைப்பார். மதியம் சோளரொட்டி தின்னக்கூட எழமாட்டார்.

தீபாவளிக்குப் பிறகு அவர் கண்ணில் புரை முற்றிவிட்டது. வெளியே தெரிந்தால் நூலகத்தில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று மூச்சுவிடவில்லை. கருவியைச் சோதிக்கப் பல்கலைக்கழகத் தேர்வாளர் வந்து முதல்வர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தேசாயி நிங்கப்பாவைக் கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. நீ பாத்துச் சொல்லு."

குனிந்து பார்த்தான். இருட்டில் நட்சத்திரம் மாதிரி ஒரு பொட்டு.

"மேல போகுது அக்காவ்ரே!"

"அப்போ விழுதுன்னு அர்த்தம். இந்த லென்ஸ் தலைகீழாத்தான் காட்டும்." மின்னழுத்தத்தைக் கூட்டினார்.

"இப்ப கீழ வருது."

"கூடிப்போச்சு." கொஞ்சம் குறைத்தார்.

"நிக்குது! எருமை மாதிரி நிக்குது!"

"கத்தாதேப்பா, அதுக்கும் காது இருக்கப்போகுது."

தேர்வாளர் வந்து கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "அசையவே இல்லையே அம்மா!" என்று பதிவேட்டைத் திறந்து நீட்டினார். 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

முப்பது வருஷமாக அந்தக் கட்டத்தில் தேசாயி பெயர்தான். பேனாவைத் திறந்தவர் மறுபடி மூடினார்.

"நான் பாக்கல, சார். என் கண்ணு போயிடுச்சு. பாத்தது நிங்கப்பா."

பேனாவை அவனிடம் நீட்டினார். நிங்கப்பா வாங்கி, கன்னடத்தில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டான்.

மறுநாளே ஹூப்ளி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார் தேசாயி. இந்த அறைக்கு இனி வேறு ஆள் என்று முதல்வர் சொல்லிவிட்டார். சொல்லிக்கொண்டு போக அவர் வந்தபோது இருட்டறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டு மாணவிகள் கடிகாரத்தோடு நிற்க, கருவியில் கண்வைத்திருந்தான் நிங்கப்பா. அவர் குரல் கேட்டதும் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போக எழுந்தான்.

"உக்காருப்பா. துளி தப்பிடும். இந்தப் பிள்ளைங்க அளந்து முடிக்கிறவரைக்கும் கண்ண எடுக்காதே."