வேலையில் இருந்துகொண்டே வேலை தேடியவள்

தென்காசிக் கடைவீதியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு கடையில் நிற்கிற பெண்ணை, அந்த முதலாளியிடம் கேட்காமல் இன்னொரு கடைக்காரர் சேர்க்க மாட்டார். முத்துவடிவுக்கும் அது தெரியும். ஆனாலும் கால் பொறுக்கவில்லை.

தங்கசாமி அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது அவள் வேலை. கடை திறந்ததிலிருந்து அடைக்கிற வரைக்கும் நின்றபடிதான். நிற்கிறவர்கள் உட்கார இடம் வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதற்காக முக்காலி போட்டிருந்தார்கள். அதில் சேலைக்கட்டு உட்கார்ந்திருந்தது. கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருண்டுபோக, உலகம்மன் சன்னதிக்குப் போய், "தாயே, நீயும் நின்னுக்கிட்டுத்தான இருக்க, உனக்குத் தெரியாதா?" என்று அழுதாள். அழுது முடித்ததும் ஒரு தெம்பு வந்தது. அம்மன் கொடுத்ததுதான், வேறென்ன.

மறுநாள் சோற்று நேரத்தில் பக்கத்துத் தெருக் கடையில் வேலை கேட்டாள். "அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்றார் கடைக்காரர். அவள் திரும்புவதற்குள் சேதி வந்து சேர்ந்துவிட்டது.

"ஏட்டி, சோறு திங்கப் போனியா, வேலை தேடப் போனியா?" கடை மொத்தமும் கேட்கத்தான் கத்தினார் அண்ணாச்சி.

வாயில்லாப் பூச்சி என்று பேரெடுத்தவள் தலை குனியவில்லை. "ரெண்டுக்குந்தான் அண்ணாச்சி."

மற்றப் பெண்கள் சேலைக்குள் முகம் புதைத்துச் சிரித்தார்கள்.

"இந்த ஊர்ல ஒரு பய உன்னைச் சேக்க மாட்டான், பாத்துக்க."

"சேத்தா சேக்கட்டும், இல்லைன்னா போகட்டும். கேக்கது என் வாய்தான? நாளைக்கும் போவேன்."

அவளைப் போலச் சேலை விற்க ஆளில்லை. அதனால் விரட்டவும் அவருக்கு மனசு வரவில்லை. அன்றிலிருந்து, "வேலை தேடப் போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று கல்லாவுக்கு நேரே நின்று சொல்லிவிட்டுத்தான் போவாள். போன இடமெல்லாம் கையை விரித்தார்கள்.

கடையநல்லூரிலிருந்து வந்து புதிதாகத் துணிக்கடை போட்டிருந்தாள் அஃப்ஷான். அவளிடமும் போனாள். "தங்கசாமி அண்ணாச்சி கடையில நிக்கேம்மா. நான் போன பின்னால அவர்ட்ட கேக்காண்டாம், என் முன்னாலேயே கேளுங்க" என்று அவர் நம்பரையும் தானே சொன்னாள்.

அஃப்ஷான் அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "வேலையெல்லாம் சுத்தந்தான். ஆனா உக்காரணும்னு சொல்லுவா. எடம் குடுத்துராதீக" என்றார் அண்ணாச்சி.

"மனுசின்னா உக்காரத்தான செய்வா?" என்று போனை வைத்தாள் அஃப்ஷான். "எப்ப வாரீங்கக்கா?"

முத்துவடிவு நேரே கடைக்குத் திரும்பினாள். "ஒண்ணாந்தேதியிலருந்து அஃப்ஷான் கடைக்குப் போறேன் அண்ணாச்சி" என்றாள். பிறகு சேலை விரிக்கிற பெண்கள் பக்கம் திரும்பி, "அங்கன இன்னும் ஆள் வேணுமாம். கால் வலிக்கவளெல்லாம் வாங்கட்டி, சோத்து நேரம் இன்னும் முடியல" என்றாள்.

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேர் செருப்பை மாட்டிவிட்டார்கள்.