பன்னிரண்டை மாற்றப்போய்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் நண்பனைப் புகழ்ந்தால் அவன் தலை கதவில் நுழையாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் நான் லேபிள் அடிப்பவன். பத்தாவது ஃபெயில், ஆனால் கை வேகம். என் நண்பன் அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவன்.

ஒருநாள் மதியம் சூப்பர்வைசர் வந்து, 12 என்று தொடங்கும் பொருள் எண்களுக்கெல்லாம் முன்னால் G சேர்க்கச் சொன்னார். நாலு மணிக்கு லாரி. "இன்னொரு தப்பு பண்ணே, நாளைலேர்ந்து வராதே" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் 12-ஐ எல்லாம் G12 ஆக்கச் சொல்லி 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்தி, சேவும் செய்துவிட்டேன். 112 கிலோ 1G12 கிலோ ஆனது. தேதிக்குள்ளேகூட G போய் உட்கார்ந்துகொண்டது.

ஓடிப்போய் நண்பனை இழுத்து வந்தேன். பட்டியலில் அதற்கு முன் G என்ற எழுத்தே கிடையாது. அதனால் அவன் எல்லா G-யையும் எடுத்துப் பழையபடி ஆக்கினான். அதோடு என் ஃபைலை மூடிவிட்டு, காலியான ஒன்றைத் திறந்து பத்து வரி அடித்தான். மூன்று மாற வேண்டியவை, ஏழு மாறக் கூடாதவை.

"லாரி நிக்குது, நீ இன்னாடா பரீட்ச வெச்சிகினு கீற?"

"கம்முனு இரு நைனா."

12-க்கு முன்னால் கூரை போல ஒரு குறி போட்டான். வரியின் தொடக்கம் என்று அதற்கு அர்த்தமாம்; பொருள் எண் அங்கேதான் இருக்கும். ஓட்டிப் பார்த்தான். 125-03 என்ற வரியும் சேர்ந்து மாறிவிட்டது; அது 125-ஆம் வரிசைப் பொருள், மாறக் கூடாதது.

"மாட்னியா!" என்றேன்.

அவனுக்கோ சந்தோஷம். "இங்க மாட்னா நல்லதுடா. லேபிள்ல மாட்னாதான் பேஜாரு."

12-க்குப் பின்னால் ஒரு சிறு கோடு சேர்த்தான். இப்போது மூன்று மாறின, ஏழு அசையவில்லை. அடுத்து ஒரு நகலில் ஓட்டினான். கடைசியில்தான் என் ஃபைலைத் தொட்டான். தன் தப்பைத் தானே தேடிப் பிடிக்கும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. நானெல்லாம் ஒளித்து வைக்கிற ஜாதி.

மூன்றே முக்காலுக்கு லேபிள் தயார். சூப்பர்வைசர் புரட்டிப் பார்த்து, "யார் பண்ணது?" என்றார்.

"நான்தான் சார்" என்று வாய் முந்திக்கொண்டது. என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நண்பன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"கோச்சிக்கினியாடா?" என்றேன்.

"நாளைக்கு நீ வேலைக்கு வருவ இல்ல, அது போதும், போய் ரெண்டு டீ சொல்லு."