இடக்கன்னம்

என் மகன் பிரான்சில் இருக்கிறான். பல வருடமாக அகதி வழக்கு. அது முடியுமுன் இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது, பட்ட பாடெல்லாம் வீண். அவனுடைய அப்பா கண்ணை மூடிய பிறகு, மன்னார்க் கடற்கரையில் தாழ்வுபாட்டு வீட்டில் நான் தனி.

இடப்பக்கத் தாடை வீங்கத் தொடங்கியபோது, கிழிந்த வலை பொத்தும் நூலைப் பல்லால் கடித்து அறுத்த வினை என்று நினைத்தேன். பல்லைப் பிடுங்கியும் வீக்கம் போகவில்லை. கொட்டைப்பாக்களவு திரண்டது. இடுப்பு நாரி உளைந்தது, குடிக்கக் குடிக்கத் தண்ணீர் விடாய். எலும்புக்கு நல்லதென்று கல்சியம் குளிசை விழுங்கினேன், நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு மென்றேன். புத்திகெட்ட விசரி!

பாதித் தாடையை வெட்ட வேண்டி வரலாம் என்றார் மன்னாரில் பார்த்த டொக்டர். ஊர் அதைப் புற்றுநோய் என்றே முடிவு கட்டியது. கோயிலில் நான் இருக்கும் வாங்குப் பலகையில் வேறு யாரும் இருப்பதில்லை.

மகன் அறிந்தால் அடுத்த பிளேனில் நிற்பான். அதுதான் என் பயம், தாடையல்ல. ஞாயிறு மத்தியானம் அவன் வீடியோவில் வரும்போது கதிரையைப் பக்கவாட்டாகப் போட்டு வலக்கன்னத்தை மட்டும் காட்டுவேன்.

"ஏனம்மா அங்கால பாக்கிறியள்?"

"கருவாட்டுக்குக் காகம் வருது மகன். அதைத்தான் பாக்கிறன்."

பிறகு அவன் கேட்கவில்லை. நம்பிவிட்டான் என்று நிம்மதியாக இருந்தது.

மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். தாடையில் துணுக்கு எடுத்து, இரத்தமும் சோதித்த பிறகு பெரிய டொக்டர் கூப்பிட்டார்.

"இது புற்றுநோயில்லை அம்மா. பிழை தாடையில இல்லை, கழுத்தில. அங்க உளுந்தளவில நாலு சுரப்பி இருக்கு. ஒண்டு பெருத்து, எலும்பில இருக்கிற கல்சியத்தை உருவி ரத்தத்தில விடுது. எலும்பு அரிபட்ட இடத்திலதான் இந்தக் கட்டி."

"அப்ப தாடையை வெட்ட மாட்டீங்களோ?"

"வெட்டத் தேவையில்லை. அந்தச் சுரப்பியை எடுத்தாக் காணும். தாடை மெல்ல மெல்ல ஆறும். அந்தக் கல்சியம் குளிசையை மட்டும் இனித் தொடாதேங்கோ."

ஆஸ்பத்திரியில் படுத்த அன்று தாதி கேட்டாள்: "ஆரம்மா கூட வந்தது?"

"ஒருத்தருமில்லைப் பிள்ளை."

அவள் ஒப்பரேசன் படிவத்தையும் பேனையையும் நீட்டினாள். கையெழுத்தை நானே வைத்தேன். பக்கத்துக் கட்டில்களுக்குச் சோற்றுப் பார்சலோடு ஆட்கள் வரும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அழுதேன்தான், அதற்கென்ன? அந்த ஞாயிறு மடு மாதா கோயிலுக்குப் போகிறேன் என்று மகனிடம் சொல்லியிருந்தேன். மாதா பொறுத்துக்கொள்ளட்டும்.

மாதங்கள் போக, வீக்கம் வற்றியது. ஒரு ஞாயிறு கழுத்துத் தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடி, கதிரையை நேராகப் போட்டுப் போனுக்கு முன்னால் இருந்தேன். மகன் என் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

"காகமெல்லாம் பறந்து போட்டுதோ அம்மா?"

"தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனி?"

"கேட்டா நீங்கள் சொல்லிப்போடுவியள். சொன்னா நான் வெளிக்கிட்டு வந்திருப்பன்." நான் போனை வைத்தேன்.

முற்றத்தில் போய்க் கருவாட்டைப் பிரட்டிப் போட்டேன். வந்துவிடக்கூடாது என்றுதானே அத்தனை பொய்யும் சொன்னேன்? அவனும் வரவில்லை. நான் நினைத்ததுதான் நடந்தது. ஆனாலும் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம், பாவி.