மூடி விழுந்த சாக்கடை

எங்கள் தெருவில் அவளைத் தையல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வருஷமாக அவள் வீட்டு வாசல் ஒரு பாடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, வளரும் நாடுகளின் பொருளாதார முன்னேற்றத்தை நேரில் படிக்க, வருஷா வருஷம் இருபது பிள்ளைகளை அனுப்பும். வாசலில் ஓடும் திறந்த சாக்கடையைப் படம் எடுப்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டே, எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். மொழிபெயர்ப்பவன் நான். அந்தக் கூலியைத் தின்றவன் என்பதால் என்மேலும் எனக்கு அருவருப்பு உண்டு.

தையல் மிஷினை மிதித்தபடியே அக்கா பதில் சொல்வாள். "இவ்வளவு எழுதுறாங்களே தம்பி, இதுக்கு ஒரு மூடி போடணும்னு யாருக்கும் தோணலையா?" என்று என்னிடம் மட்டும் கேட்பாள்.

போன மழையில் அவள் கணவர் அதில் விழுந்தார். சர்க்கரை நோயாளி, பார்வையும் மங்கல். காலில் பட்ட புண் எட்டு மாதமாகியும் ஆறவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பின் அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம், அக்கா தைப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள்.

நகராட்சிக்கு அவள் செருப்புத் தேய நடந்ததில் ஒருவழியாக சிமெண்ட் பலகைகள் வந்தன. தெருமுனையில் இறக்கிப் போட்டதோடு சரி. நான்கு நாளாகியும் ஆள் வரவில்லை. மேஸ்திரியிடம் கேட்டேன்.

"உங்க மேடம்தான் பத்து நாள் பொறுக்கச் சொன்னாங்க. பிள்ளைங்க வந்து பாத்துட்டுப் போகட்டுமாம்."

பிள்ளைகளை அழைத்து வரும் மேடத்திடம் ஓடினேன். "ஆறு வருஷம் இருந்தாச்சு, பத்து நாள்ல என்ன ஆயிடப் போகுது? சாக்கடை இல்லன்னா மூணாவது நாள் பாடமே இல்லையே" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எல்லோருக்கும் தெரியும். மழை நின்றுவிடப் போகிறதே என்று பதறிய ஓநாயை அன்றுதான் பார்த்தேன்.

அக்காவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "கடப்பாரை யார் வீட்ல இருக்கு?" என்றாள்.

அக்கா, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர், நான். கயிறு கட்டி இழுத்தோம். அக்காவின் கட்டைவிரல் நகம் நசுங்கியது. சாயங்காலத்துக்குள் பதினோரு பலகையும் உட்கார்ந்துவிட்டன.

அடுத்த வாரம் பஸ் வந்தது. பிள்ளைகளோடு வந்த பேராசிரியர் தன் குறிப்பைப் பார்த்து, சாக்கடை எங்கே என்று கேட்டார். அவர் நின்றிருந்ததே அதன்மேல்தான்.

மேடம் என் காதருகே குனிந்தார். "ஒரே ஒரு பலகையைத் தூக்கச் சொல்லுங்க. போட்டோ எடுத்ததும் மூடிடலாம்."

அக்காவுக்கும் அது கேட்டது. வீட்டுக்குள் பார்த்து, "என்னங்க, கடைக்குப் போயிட்டு வாங்க. நான் வரல" என்றாள். கட்டுப் போட்ட காலோடு அவர் தனியாக வந்தார், பலகையில் கால் வைத்து அழுத்திப் பார்த்தபடி.

"தம்பி, அவங்கள வழி விடச் சொல்லு."

இருபது பேரும் ஒதுங்கி நின்றார்கள். ஒருவரும் படம் எடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது மேடம் சலித்துக்கொண்டார்: "அடுத்த வருஷத்துக்கு மூடாத தெருவா ஒண்ணு பாத்து வைங்க."

நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை.