எல்லாருக்கும் முதல் வரிசை

ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் லைன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் கெட்டிக்காரர். "முடியாது" என்று சொல்ல மட்டும் வாய் வராது. அதிலும் வளர்த்த அக்கா கேட்டால் கேட்கவே வேண்டாம்.

ஊருக்கு வெளியே இருந்த கிளை ஆஸ்பத்திரிக்கு எல்லாவற்றுக்கும் ஒரே இன்டர்நெட் லைன். அங்கே வரும் நோயாளியை நரம்பு டாக்டர் இங்கிருந்தே வீடியோவில் பார்ப்பார். நெரிசல் வந்தால் அந்த வீடியோ முதலில் போகட்டும், மற்றதெல்லாம் காத்திருக்கட்டும் என்று முதல் வரிசை ஒன்றை லைன்காரர் அமைத்திருந்தார். விஷயம் வெளியே கசிந்தது, போச்சு! "எங்களை மட்டும் அதுல சேத்துடுங்க சார்" என்று கணக்குப் பிரிவு கேட்டது. மருந்துக்கடை கேட்டது. கிளை மேனேஜர் தன் அறை டிவிக்கே கேட்டார். ஆளாளுக்குப் பிய்த்து எடுத்தார்கள். தொல்லை விட்டால் போதுமென்று எல்லாரையும் சேர்த்துவிட்டார். எல்லாரும் முன்னால் நின்றால் வரிசை எங்கே இருக்கிறது? அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தார், தலையெழுத்து!

ஒரு முற்பகலில் கிளையிலிருந்து அத்தான் போன் செய்தார். "மாப்ள, உங்க அக்காவுக்கு வாய் கோணிடுச்சு. இங்க கூட்டிட்டு வந்துட்டேன்."

லைன்காரர் நரம்பு டாக்டர் அறைக்கு ஓடினார். திரையில் அக்காவின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றது.

"இடது கையைத் தூக்குங்கம்மா" என்றார் டாக்டர். படம் அசையவில்லை. அவர் திரும்பிக் கத்தினார். "ஸ்கேன் பாத்துட்டேன். கையை நானே பாக்காம ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை எப்படிப் போடச் சொல்றது? முதல் வரிசைன்னு சொன்னீங்களேய்யா!"

லைன்காரர் மேசை ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்தார். முதல் வரிசையில் மொத்தக் கிளையும் உட்கார்ந்திருந்தது. வீடியோவை மட்டும் விட்டுவிட்டு அத்தனை பேரையும் தூக்கினார். படம் உயிர் பெற்றது. அக்காவின் இடது கை பாதி எழும்பி, தொப்பென்று விழுந்தது.

"போடுங்க, சீக்கிரம்!" என்றார் டாக்டர்.

உடனே மேனேஜரின் போன். "என்னய்யா, டிவி நின்னுடுச்சு?"

"நிக்கட்டும் சார்" என்று துண்டித்தார்.

சில நாள் கழித்து அக்கா கிளை வார்டிலிருந்து போனில் பேசினாள். கை தேறிவிட்டது, நாக்குதான் இன்னும் லேசாகக் குழறியது. "தம்பி, இங்க சீரியலே பாக்க முடியலடா, சுத்திக்கிட்டே நிக்குது. எனக்கு மட்டும் கொஞ்சம் வேகமா விடேன்."

"முடியாதுக்கா! உனக்கும் முடியாது!" என்று கத்தினார். கத்திவிட்டு, போனை வைக்காமலே அழுதார்.