பசியாவரத்து நந்தினியும் உறைந்துபோன மெஷின்களும்

பசியாவரத்தில் இறங்கி நந்தினி வீடு எது என்று கேட்டால், "கம்ப்யூட்டர் பொண்ணா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பழவேற்காடு ஏரி நடுவே தீவில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றின் சர்வர்களை மேய்ப்பவள் அவள். வீட்டிலிருந்தே வேலை செய்யும் சலுகையை மூன்று வருடம் மல்லுக்கட்டி வாங்கியிருந்தாள். போன மாதம் அதுவே பறிபோகப் பார்த்தது.

ஒரு பெரிய சர்வருக்குள் பத்துப் பதினைந்து கணினிகள் வெறும் மென்பொருளாகவே ஓடும். வெர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஓடும்போதே ஒன்றைப் பக்கத்து சர்வருக்கு மாற்றலாம். கம்பெனி புது சர்வர்களை வாங்கிப் பழையவற்றோடு சேர்த்தது. அன்றிலிருந்து நந்தினி மாற்றும் மெஷின்களில் சில, போய்ச் சேர்ந்ததும் அப்படியே உறைந்து நின்றன.

"உங்க ஊரு நெட் சரியில்லம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா திங்கள்லேர்ந்து ஆபீஸுக்கு வந்துடுங்க" என்றார் மேலாளர் விஜயராகவன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஏரியே கோணல். சர்வர்கள் அத்தனையும் சென்னையில் ஒரே அறையில் இருக்க, இடையில் பசியாவரத்து நெட்டுக்கு என்ன வேலை?

கோபத்தை விழுங்கிக்கொண்டு, உறைந்தவற்றைப் பட்டியல் போட்டாள். பதினொன்று. பதினொன்றும் புது சர்வரில் தொடங்கிப் பழையதற்குப் போனவை. பழையதில் தொடங்கிப் புதியதற்குப் போனது ஒன்றுகூட நிற்கவில்லை.

நந்தினிக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் படகை ஓட்டியவள் அவள். ஆழத்துக்குத் தக்கபடி, தண்ணீருக்குள் சுழலும் இன்ஜின் விசிறியை இறக்கிவிட்டுக் கடலில் ஓடும் படகு, அப்படியே ஆழமில்லாத முகத்துவாரத்துக்குள் வந்தால் மணலில் குத்தி நிற்கும். அதனால் விவரமானவர்கள் மேடான இடத்தைக் கணக்கில் வைத்தே விசிறியைக் கட்டுவார்கள். புது சர்வரின் மூளையான பிராசசருக்குத் தெரிந்த சில வேலைகள் பழையதற்குத் தெரியாது. புதியதில் கண்விழித்த மெஷின் பழையதிடமும் அதே வேலையைக் கேட்டு முழித்துக்கொண்டு நிற்கிறது. எல்லா மெஷினுக்கும் பழைய பிராசசரின் அளவையே காட்டினால் தீர்ந்தது.

வியாழக்கிழமை அமைப்பை மாற்றி, மெஷினை ரீஸ்டார்ட் செய்து, வீடியோ அழைப்பில் விஜயராகவன் பார்க்கவே நகர்த்தினாள். உறைந்தது. அவர் அழைப்பைத் துண்டித்தார். நந்தினி லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"இன்னா ஆச்சு?" என்றான் புருஷன் பூவரசன்.

"ரீஸ்டார்ட் பண்ணேன். அப்பவும் நிக்குது."

சொல்லும்போதே உறைத்தது. ரீஸ்டார்ட் செய்தால் மெஷின் பழைய அமைப்பிலேயே மறுபடி எழும். இன்ஜினை அணைக்காமல் விசிறியை மாற்றப் பார்த்திருக்கிறாள். முழுதாக அணைத்துத்தான் புதிதாகத் தொடங்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அப்படியே செய்தாள். புதியதிலிருந்து பழையதற்கு, பழையதிலிருந்து புதியதற்கு, இருபது தடவை விரட்டினாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார் விஜயராகவன்.

"முகத்துவாரத்துல படகு ஓட்டியிருக்கேன் சார். எங்க ஊரு நெட்டு நல்லாதான் கீது!"

விஜயராகவன் வாய்விட்டுச் சிரித்து, மன்னிப்பும் கேட்டார். நந்தினிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

திங்கட்கிழமை, சென்னை பஸ் பிடிக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு எட்டு மணிப் படகு பழவேற்காட்டுக்குக் கிளம்பியது. நந்தினி அதில் ஏறவில்லை.